செல்லத்துக்கு ஒரு வெல்வெட் நாற்காலி

“ஆர், பீலிக்ஸோ? இன்னும் முடியேல்லை எண்டு சொல்லவோ வந்தனீர்?”

வாசல் மணிப் பெட்டியில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் குரல் கரகரத்தது.

“இல்லை ஐயா. படத்தைக் கொண்டு வந்திட்டன்.”

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து நவம்பர் மழையில் நின்றான் பீலிக்ஸ். பிறகு கதவு திறந்தது.

பெரியவர் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர். அங்கே தொங்கிய, விக்டோரியா காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டியின் படம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. சிவப்பு வெல்வெட் நாற்காலி, கழுத்தில் லேஸ், ராணித் தோரணை. செத்துப்போன மனைவி செல்லத்துக்கோ அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிச்சம். அதிலும் பயந்து முழித்துக்கொண்டிருப்பாள்.

“அந்தச் சீமாட்டி மாதிரி இவளை இருத்தி, ஒருக்காப் பாக்கோணும் தம்பி. அது போதும்” என்று, படம் வரையும் பீலிக்ஸிடம் 1991இல் கேட்டார்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. உணவகத்தில் கோப்பை கழுவும் கைக்கு ஞாயிறு மட்டும்தான் தூரிகை. போதாததற்குப் பெரியவர் அவன் அறைக்கே வந்து நின்று, தோட்டை மாற்று, லேஸை ஏற்று என்பார்; ஒரு பூச்சைக் காயவிடமாட்டார். போன வருடத்திலிருந்து அவர் வரவில்லை. கோபித்துவிட்டார் என்றே பீலிக்ஸ் பயந்துகொண்டிருந்தான்.

மேலே வீடு இருட்டிக் கிடந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கிழவர் கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்து, பீலிக்ஸே லைற்றைப் போட்டான். படத்தைச் சோபாவுக்கு எதிரே சுவரோடு சாத்தினான்.

“நல்லாப் பிந்திப் போச்சு ஐயா. மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

“விசர்க்கதை கதையாதையும்.”

பெரியவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அந்தச் சிவப்பு அசல் வெல்வெட்தான். தோட்டில நான் சொன்ன பச்சைக் கல்லு. ஐயோ, என்ர செல்லம் மகாராணி மாதிரியெல்லோ இருக்கிறாள்! முகத்தில ஒரு பயமும் இல்லை.”

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இவ்வளவு பிந்தியிருக்கக் கூடாது என்று பீலிக்ஸின் நெஞ்சு அறுத்தது.

“பிடிச்சிருக்கோ ஐயா?”

“ஆறு வருசம் காத்திருந்தது வீண் போகேல்லை, தம்பி.”

“ஓம் ஐயா” என்றான் பீலிக்ஸ்.

படத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பழுப்புத் தாளை அவன் இன்னும் பிரிக்கவே இல்லை.