அப்பாவு மறந்த சாமான்கள்

வடக்குப்பட்டுத் தெருமுனையில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அப்பாவு இரண்டு பைகளோடு வாசலுக்கு வந்தான். பின்னால் மனைவி மஞ்சுளா, அவள் இடுப்பில் மூன்று வயது சத்யப்பிரியா. எல்லோருக்கும் முன்னால் ஓடிய மகன் இனியவன், படி இறங்கும்போது தும்மினான்.

ஒற்றைத் தும்மல்.

அப்பாவு நின்றான். மஞ்சுளாவும் நின்றாள்.

“குடையை மறந்துட்டேன்,” என்றான் அப்பாவு.

மொத்தக் குடும்பமும் உள்ளே திரும்பிப் போயிற்று.

வேனில் இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவு வேலை பார்க்கும் போல்ட் கம்பெனி ஆட்கள். பொங்கல் லீவுக்குக் குடும்பம் குடும்பமாக ஒகேனக்கல் கிளம்பியிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த கோபால் மட்டும், பையன் தும்மியதையும் எல்லோரும் திரும்பியதையும் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

காரணம் இருந்தது. போன மாதம் நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனதென்று கோபால் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். மறுநாள் கேன்டீனில் அப்பாவு பெஞ்சு மேல் ஏறி நின்று, சகுனம் பார்க்கிறவன் மெஷினைத் தொடவே லாயக்கில்லை என்று பேசினான். மொத்த ஷிப்ட்டும் கை தட்டியது. அன்றிலிருந்து கோபாலுக்குப் பெயர் பூனை கோபால். அப்பாவுவை அடுத்த மாதச் சங்கத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள்.

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அப்பாவு குடையோடு வந்தான்.

பாதித் தெரு தாண்டியிருப்பார்கள். பால்காரர் முனிரத்தினம் சைக்கிளை நிறுத்தி, குடும்பத்தோடு எங்கே கிளம்பிவிட்டாய் என்று வாய் நிறையக் கேட்டார். புறப்படுகிறவர்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

“அரிக்கேன் விளக்கை மறந்துட்டேனே,” என்றான் அப்பாவு.

மறுபடியும் திரும்பினார்கள். கோபால் வேனிலிருந்து இறங்கி, அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். உள்ளே எல்லோரும் உட்கார்ந்து, மஞ்சுளா கொடுத்த தண்ணீரை ஆளுக்கு ஒரு வாய் குடிப்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

மூன்றாம் முறை வாசலைக்கூடத் தாண்டவில்லை. அப்பாவுவின் தலை கதவு நிலையில் ‘ணங்’கென்று இடித்தது. அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே அப்படியே திரும்பினான். வெளியே வந்தபோது கையில் தேங்காய்த் துருவி.

“இது எதுக்குப்பா?” என்றான் கோபால்.

“மீன் குழம்பு வச்சா தேங்கா வேணாவா?”

“அரிக்கேனு?”

“கரண்ட் போச்சுன்னா?”

“உள்ள குந்திகினு தண்ணி குடிச்சியே, அது?”

“தாகம்.”

இனியவன் இதற்குள் அழ ஆரம்பித்திருந்தான். வேன் போய்விடும், பரிசலில் ஏற முடியாது என்று அவன் கவலை. ஒரு வாரமாக வீட்டில் பரிசல் பேச்சுத்தான். அந்தப் பேச்சு வந்தாலே மஞ்சுளா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒருவழியாக வேன் வரைக்கும் வந்தார்கள். டிரைவர் கண்ணப்பன் கதவைத் திறந்து பிடித்தான். அந்த நேரம் பார்த்து, வேனுக்கு அடியிலிருந்து ஒரு பூனை வெளிப்பட்டது. அப்பாவுவுக்கும் வேன் கதவுக்கும் நடுவே, அவசரமே இல்லாமல் நடந்து போனது.

வேன் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

“ஏறுப்பா,” என்றான் கோபால், பாயசம் குடித்த முகத்தோடு. “வெறும் பூனைதானே.”

அப்பாவு வேனைப் பார்த்தான். பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தான். பிறகு, “பாப்பாவோட நடைவண்டி,” என்றான்.

தெருவையே சுற்றி ஓடுகிற சத்யப்பிரியா, எனக்கு வேணாம் என்று கத்தினாள். வேன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நடைவண்டி வந்து சேர்ந்ததும், “அண்ணே, வூட்டையே தூக்கி மேல கட்டிடலாமா?” என்று கண்ணப்பன் பணிவாகக் கேட்டான்.

வேன் புறப்பட்டது. லீவு முடிந்ததும் கேன்டீனில் தான்தான் பேசப் போவதாகவும், பெஞ்சை மட்டும் அப்பாவு துடைத்து வைத்தால் போதும் என்றும் கோபால் அறிவித்தான். சங்கத் தேர்தலில் இவனுக்கு யார் ஓட்டுப் போடுவது என்று பின் சீட்டில் ஒருவர் கேட்டார். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அப்பாவு மடியில் துருவியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் போய், சுங்குவார்சத்திரமும் தாண்டியது. திடீரென்று பிரேக் விழுந்தது.

சாலையின் குறுக்கே இன்னொரு பூனை. நட்ட நடுவில் நின்று, வேனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

எல்லாத் தலைகளும் அப்பாவு பக்கம் திரும்பின.

“எறங்குப்பா,” என்றான் கோபால். “அம்மிக்கல்ல மறந்துட்டே பாரு. போய் எடுத்துகினு வா.”

அப்பாவு பக்கத்துச் சீட்டைப் பார்த்தான். வேனில் ஏறும் வரை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்த மஞ்சுளா, இப்போது மகளை அணைத்தபடி வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“சத்தம் போடாம ஓட்டு, கண்ணப்பா,” என்றான் அவன். “அவ பார்க்கல.”