இரண்டாவது ஆட்டம்

ஹோர்சன்ஸ் என்ற வட ஐரோப்பிய நகரம், 1988. பின்னேரம் நான்கு மணிக்கே யன்னல் கறுத்துவிட்டது. கதிர்காமு அண்ணை வானொலிக் கம்பியை அலுமாரிக்கு மேலால் இழுத்துத் திரைச்சீலைத் தண்டில் கட்டுகிறார். ஆசிய, ஆபிரிக்கச் சம்பியன் கழகங்களின் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி, இரண்டு ஆட்டம்; இது இரண்டாவது. முதலாவதில் ஆசியக் கழகம் வென்றிருந்தது. "வெண்டது அரைவாசிதான்," என்கிறார். அதே அறையில் தங்கியிருக்கும் பேனாட் அலுமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். அவனை இங்கே அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மனைவி விமலராணியை இங்கே கூப்பிட அனுமதி கேட்டதற்குத்தான் பதிலே வரவில்லை. கொழும்பு லொட்ஜிலிருந்து இன்று போன் எடுப்பாள். "வாற கிழமை எடுக்கேக்க உங்களோட கதைக்கேலாட்டி, பிள்ளையோட மன்னாருக்கே திரும்பிப் போறன்," என்று போன கிழமை சொன்னவள். மன்னாரில் சண்டை நடக்கிறது. வானொலி கரகரக்கிறது. அண்ணை கம்பியைச் சுண்டி இழுக்கிறார். கம்பி அலுமாரிமேல் இருக்கும் தொலைபேசியின் ரிசீவரில் மாட்டி, அதைத் தாங்கியிலிருந்து கிளப்பிச் சரித்துவிடுகிறது. இருவரும் பார்க்கவில்லை. ஆபிரிக்கக் கழகம் கோல் போடுகிறது; மைதானம் அலறுகிறது. "சத்தத்தைக் குறையுங்கோ அண்ணை, மணி அடிச்சாக் கேக்காது." அண்ணை குறைக்கிறார். அமைதியில், பேனாட்டின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லியதாய் ஒரு கூவல் விடாமல் கேட்கிறது. பேனாட் தலையை நிமிர்த்துகிறான். "அது ரேடியோ இரையுது, தம்பி," என்கிறார் அண்ணை.