கை பழகணும்

“நேரா கார்ல தேய்ச்சிடாதீங்க. அத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருக்கார்.”

மனைவி நீட்டிய பாட்டிலைச் சின்ன மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மேலே பெயர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. உள்ளே கொழகொழவென்று ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தார். விலை உயர்ந்த சரக்கு என்று வாசனையே சொன்னது.

மனைவி வீட்டில் அவர் சின்ன மாப்பிள்ளை. பெரிய மாப்பிள்ளை அவருடைய சகலை. பாட்டில் வந்தது சகலை வீட்டிலிருந்துதான்.

போன மாதம் மாமனார் வீட்டு வாசலில் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது அந்த மானக்கேடு நடந்தது. மாமனார் சகலையின் கார் முன்னால் குனிந்து, பளபளவென்றிருந்த குரோம் பட்டையில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். அடுத்து இவர் காருக்கு வந்தவர், பட்டையை ஒரு விரலால் தொட்டார். அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

நாளைக்கு மறுபடியும் அங்கே விருந்து. இரண்டு காரும் வரும். மீசையும் வரும்.

கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சகலைக்குப் போன் போட்டார். சகலை பெருந்தன்மையாகத்தான் பேசினார். காரில் இருப்பது அசல் குரோம் இல்லையாம். பிளாஸ்டிக் மேல் வெள்ளி மாதிரி ஒரு பூச்சு. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் பூச்சு உரிந்து, உள்ளே இருக்கிற கறுப்பு இளித்துவிடுமாம்.

“அதனால முதல்ல கை பழகணும் சகலை. வீட்டுப் பாத்திரத்துல தேய்ச்சுப் பாருங்க. உங்க முகம் தெளிவா தெரியற வரைக்கும் கார் பக்கமே போகாதீங்க. நானும் அப்படித்தான் பண்ணேன்.”

பாத்திரம் என்றதும் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. ஆசை ஆசையாக வாங்கியவை, கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். சின்ன மாப்பிள்ளை கெஞ்சினார். கடைசியில் அடிப்பிடித்த வாணலி ஒன்றை அரைமனதாக எடுத்துக் கொடுத்தாள்.

பாத்திரத்துக்கு நார், காருக்கு மெல்லிய துணி. இது சகலை வகுத்த முறை. சின்ன மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். வாணலியில் முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. அதற்குமேல் அவரைப் பிடிக்க ஆளில்லை.

“அந்தக் குக்கரைக் குடு.”

“ஐயோ, குக்கர் வேண்டாங்க.”

“ஒரு கீறல் விழாது. நான் பொறுப்பு.”

குக்கர் போயிற்று. பின்னாலேயே பால் பாத்திரம், தட்டுகள், டம்ளர்கள், மூடிகள் எல்லாம் வரிசையாகப் போயின. இந்த வீட்டில் இத்தனை பாத்திரம் இருப்பதே அவருக்கு இன்றுதான் தெரியும். மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிலெல்லாம் முகம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது என்று பொறுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனபோது கை உண்மையாகவே பழகியிருந்தது. ஈரத் துணியில் இரண்டு சொட்டு விட்டு, முன்பக்கப் பட்டை, ஜன்னல் ஓரம், கதவுக் கைப்பிடி என்று பூப்போலத் துடைத்தார். மாதக்கணக்கில் படிந்திருந்த அழுக்கு துணியோடு வந்தது. பூச்சு ஒரு பொட்டுகூட உரியவில்லை. தன் முகத்தைத் தன் காரில் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விருந்து முடிந்து மாமனார் வாசலுக்கு வந்தார். சகலையின் காரைத் தாண்டிப் போனார். சின்ன மாப்பிள்ளையின் கார் முன்னால் வந்து நின்றார். மாமனார் குனிந்தார். மீசையை இடப்பக்கம் நீவினார், வலப்பக்கம் நீவினார், பல்லைக் காட்டி அதையும் பார்த்துக்கொண்டார்.

“பல்லிடுக்குல மாட்டினதுகூடத் தெரியுதே, மாப்பிள்ளை.”

காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. மாமனார் தன்னுடைய பழைய காரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, அந்தப் பாட்டிலில் தனக்கும் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டார்.

சகலைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

“தரேன் மாமா. ஆனா நேரா கார்ல தேய்ச்சிடாதீங்க,” என்றார் சின்ன மாப்பிள்ளை, தொழில் தெரிந்தவரின் நிதானத்தோடு. “முதல்ல கை பழகணும்.”

சமையலறை ஜன்னல் ஓரமாக நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், மலையாகக் குவிந்து கிடந்த விருந்துப் பாத்திரங்களைப் பார்த்தார். பிறகு மகள்கள் இருவர் பக்கமும் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பாட்டில்ல பாத்திரம் கழுவற சோப்பு இன்னும் இருக்கா, இல்ல நான் கொஞ்சம் ஊத்தித் தரட்டுமா?”