பச்சை இரும்பு

சரவணகுமார் வீசிய கேம் ஷாஃப்ட், பட்டறைத் தரையில் உருண்டு கஸ்தூரியின் காலருகே வந்து நின்றது.

"எடுத்துப் பாரும்மா. உன் வீட்டுக்காரர் செஞ்ச லட்சணத்தை."

எடுத்தாள். இன்ஜின் வால்வைத் தூக்கிவிட வேண்டிய முட்டு இரண்டும் மொண்ணையாகத் தேய்ந்து போயிருந்தன.

"எட்டு மாசம்தான் ஆச்சு. முப்பதுக்கு மேல வண்டி ஏற மாட்டேங்குது. மொபெட்காரன்லாம் என்னைத் தாண்டிப் போறான். ஏன்யா காசி, இதுக்குப் பேர் தொழிலா?"

"இரும்பு எடுத்ததுல தப்பாயிடுச்சு தம்பி," என்றான் காசி.

கஸ்தூரி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். தப்பா?

பழைய மோட்டார் சைக்கிளுக்கு கேம் ஷாஃப்ட் வேண்டுமென்றால் திருவண்ணாமலையில் காசியை விட்டால் ஆள் கிடையாது. உடைந்த லாரி அச்சாகத் தேடிப் பிடித்துக் கடைவான். கரித்தூளோடு பெட்டியில் மூடி, உலையில் பழுக்க வைத்து, எண்ணெயில் முக்குவான். அப்புறம் அரம் போட்டால் அரம்தான் வழுக்கும். இருபது வருஷமாக அந்த உலைக்குக் காற்றடிப்பவள் அவள்.

ராமதாஸும் அப்போது அங்கேதான் இருந்தான். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களின் வண்டிகளை ரிப்பேர் பார்ப்பவன். காசிக்கு வரும் வேலையில் பாதி அவன் கொண்டுவருவது. அரத்தை எடுத்துத் தேய்ந்த ஷாஃப்டில் ஒரு இழு இழுத்தான். தூள் கொட்டியது.

"இன்னா காசிண்ணே, டெம்பரே ஏறல. வெறும் பச்சை இரும்பு."

காசி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

ராமதாஸ் தான் செய்யக் கொடுத்திருந்த மூன்று ஷாஃப்டையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். "தப்பா நெனைக்காதீங்க. இமயமலை வரைக்கும் போற வண்டிங்க. நடுவுல நின்னா என்னைத்தான் கேப்பாங்க."

அவர்கள் போனதும் கஸ்தூரி கேட்டாள்.

"லாரி அச்சு நாலு அந்த மூலையில கெடக்கு. இவனுக்கு மட்டும் ஏன் பச்சை இரும்பு போட்ட?"

காசி உலைக்குக் கரி அள்ளப் போய்விட்டான்.

சரவணகுமார் டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் தீர்த்தான். ரெண்டே மாதத்தில் பட்டறைப் பக்கம் ஒரு வண்டிக்காரனும் வருவதில்லை என்றாகிவிட்டது. காசி அரிவாள் தட்டிக் கொடுத்து நாளை ஓட்டினான். கஸ்தூரி செங்கம் ரோட்டு லாட்ஜில் ரூம் பெருக்கப் போனாள்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல அந்த சரவணகுமாரைப் பார்த்தேன். வேலூர்ல புது ஷாஃப்ட் போட்டுட்டானாம். எம்பதுல பறக்குதாம். தொழில்காரன்னா அந்த வேலூர்க்காரன்தான்னு என் காதுபடச் சொல்றான்."

காசியின் சுத்தியல் பாதியில் நின்றது.

"எம்பதா?"

"ஏன், வயிறு எரியுதா?"

"குடிச்சிருந்தானா?"

"அவன் என்னிக்குக் குடிக்காம இருந்தான்."

"வண்டியில புள்ள இருந்துச்சா?"

"டேங்க் மேல உக்கார வச்சிருந்தான். அதுக்கின்னா?"

காசி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"அவன் வேலை குடுத்த மறுநாள் அவன் சம்சாரம் வந்துச்சு, அருணாதேவி. நீ சந்தைக்குப் போயிருந்த. இடுப்புல அந்தப் புள்ள. வண்டியிலேர்ந்து விழுந்து அதுக்குக் கால் பூரா மாவுக்கட்டு. 'நான் கேட்டேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு அண்ணா'ன்னு அழுதுச்சு."

கஸ்தூரி அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வேலையே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்கே வேலூர் போயிருப்பான்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, அவன் வாசல்ல நின்னு கத்தினப்ப நீ வாயை மூடிட்டு நின்னிருப்பியா?"

கஸ்தூரி கீழே கிடந்த சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"'வண்டி ஓடணும் அண்ணா, வேகம் மட்டும் வரக்கூடாது'னு அந்தப் பொண்ணு கையெடுத்துக் கும்பிட்டுச்சு, கஸ்தூரி. என்னால எட்டு மாசம்தான் அவனைப் புடிச்சு வைக்க முடிஞ்சுது."