நாய்ச் சட்டை

"தொடாத மக்பால்! அது உன் புள்ளையோட நோயை வாங்கிக்கிட்டுப் போகுது. போகட்டும், விடு!"

பல்கியா அக்கா வாசற்படியில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், முற்றத்துச் சேற்றில், வீட்டு நாய் அக்தோஷ் ஒருக்களித்து விழுந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. நாலு காலும் ஓடுவது மாதிரி காற்றை உதைத்தன. வாயெல்லாம் நுரை. கழுத்தில் குழந்தையின் சின்னச் சட்டை கிழிந்து தொங்கியது.

அன்று மக்பாலின் குழந்தை துர்சினுக்கு நாற்பதாம் நாள். பிள்ளை போட்ட முதல் சட்டையில் மிட்டாயை முடிந்து, நாயின் கழுத்தில் கட்டி விரட்டுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் துரத்திப் பிடித்து மிட்டாயைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். குழந்தையின் நோய்நொடி நாயோடு போய்விடும். பல்கியாதான் தன் கையால் முடிந்து கட்டினாள். ஆனால் அக்தோஷ் வேலியைத் தாண்டி ஆட்டுப்பட்டிக்குள் புகுந்துவிட்டது. பிள்ளைகள் போய்ச் சேர்வதற்குள் முடிச்சைக் கடித்துப் பிரித்து, அத்தனையும் காகிதத்தோடு தின்று தீர்த்திருந்தது.

முக்கால் மணி நேரத்தில் முதல் வலிப்பு வந்தது. இது மூன்றாவது.

மக்பால் ஏற்கனவே இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். இரண்டும் நாற்பதைப் பார்க்கவில்லை. அதனால்தான் இவனுக்கு 'இருக்கட்டும்' என்ற பொருளில் துர்சின் என்று பெயர். அதனால்தான் தொப்புள்கொடி அறுக்கத் தேடிப்போய் பல்கியாவைக் கூப்பிட்டாள். அறுத்தவளின் உடம்புவாகுதான் பிள்ளைக்கும் வரும் என்பார்கள். பல்கியா ஏழு பெற்று ஏழையும் வளர்த்தவள். ஐம்பத்தெட்டு வயதிலும் குதிரை ஏறுவாள். நோய் என்று அவள் படுத்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

மக்பாலின் கணவன் ஓராஸ் செல்போனை ஸ்பீக்கரில் போட்டான். மாட்டு டாக்டர் இருப்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி.

"பனி உருகி ரோடே தண்ணிக்குள்ள கெடக்கு. இன்னைக்கு வர வழியில்ல. என்ன தின்னுச்சு?"

"மிட்டாய், டாக்டர். வெறும் மிட்டாய்தான்."

"மிட்டாய்க்கா இப்படி இழுக்குது? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. வாய்க்குள்ள கைய விட்டுறாதீங்க, கடிச்சிரும். இழுப்பு நின்ன உடனே ஈறுல தேனைத் தடவுங்க. இன்னொரு இழுப்பு வந்தா தாங்காது."

"தேனாம்ல தேன்!" என்றாள் பல்கியா. "சாவுக்குத் தேன் ஊட்டச் சொல்றான், பெரிய படிப்புப் படிச்சவன். ஏன்டா ஓராஸ், உனக்கு மகன் வேணுமா, நாய் வேணுமா? அது பொழச்சா அந்த நோய் எங்க போகும்? வந்த வழியே வீட்டுக்குள்ளதான் வரும்."

மக்பால் கையில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள். சேற்றில் கிடக்கும் நாயைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையும் நான் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தேனே, அப்ப என் கால்மாட்டுல கெடந்தது யாருக்கா? நீங்கள்லாம் சாவு விருந்துக் கறியைத் தின்னுட்டு வண்டி ஏறிட்டீங்க."

"அந்த விசுவாசத்துலதான்டி இப்ப உன் புள்ளைக்காகச் சாகுது. சாக விடு!"

மக்பால் பிள்ளையைக் கணவன் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். விருந்து மேசையில் தேன் கிண்ணமெல்லாம் வழித்துத் துடைத்தாற்போல் காலி. பல்கியா உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் ஒன்று, யாரும் கை வைக்காமல் நிறைந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, மறித்து நின்ற கைக்குக் கீழே குனிந்து நுழைந்து, சேற்றில் மண்டியிட்டாள்.

இழுப்பு நின்றிருந்தது. மூச்சும் நின்ற மாதிரிதான் இருந்தது. உதட்டை விலக்கித் தேனைத் தடவினாள். அசைவில்லை. மறுபடி தடவினாள். நாக்கு சாம்பல் நிறத்தில் வெளியே கிடந்தது. "எந்திரிடா... என் ராசா, எந்திரிடா..."

அந்த நேரம் பார்த்துத் துர்சின் வீறிட்டு அழுதான்.

பல்கியா மாரில் அடித்துக்கொண்டாள். "வந்துருச்சு! திரும்பி வந்துருச்சு! உன் கையாலயே கூட்டிக்கிட்டு வந்துட்டியேடி பாவி!"

மக்பாலின் விரல் அப்படியே நின்றது. தேன் சொட்டிச் சேற்றில் விழுந்தது. மூன்றாவதையும் நானே அனுப்பி வைக்கிறேனா?

"அவன் பசிக்கு அழறான்," என்றான் ஓராஸ். "நீ தடவு."

அவள் கிண்ணத்துக்குள் கையையே விட்டு அள்ளித் தடவினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சாம்பல் நாக்கு மெல்ல வளைந்து அவள் விரலை நக்கியது.

"நக்குது டாக்டர்!" ஓராஸ் போனைப் பார்த்துக் கத்தினான். "கண்ணைத் தொறக்குது!"

"அப்ப என் சந்தேகம் சரிதான். சுகர்காரங்க திங்கிற சர்க்கரை இல்லாத மிட்டாய் அது. மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது, நாய்க்கு விஷம். விடாம தேன் குடுத்துக்கிட்டே இருங்க, தண்ணி வடிஞ்ச உடனே தூக்கிட்டு வாங்க. ஆமா, உங்க வீட்டுல யாருக்கு சுகர்?"

"இங்க யாருக்கும் இல்லையே டாக்டர்."

மாரில் அடித்துக்கொண்டிருந்த பல்கியாவின் கைகள் தாமாகவே இறங்கின. வெல்வெட் மேலங்கியின் பைக்குள் போன ஒரு கை, சட்டையில் முடிந்தது போக மிச்சமிருந்த நாலைந்து மிட்டாயோடு வெளியே வந்தது.

மக்பால் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா...?"

"சொல்லியிருந்தா, தொப்புள்கொடி அறுக்க என்னையக் கூப்பிட்டிருப்பியா?"