புல்வெளிக்கு அடியில்

அமெரிக்க மேற்குப் புல்வெளியை ஓவியமாகத் தீட்டச் சொல்லியிருந்த மில் அதிபர் நஞ்சப்பனுக்கு முகம் சுருங்கியது. குடியேற வரும் வெள்ளையர்களின் கூண்டு வண்டிகளை ஓவியத்தின் ஓரத்தில் ஒரு பூர்வகுடிக் குடும்பம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

“இவங்க எதுக்குங்க? வெறுங்காடா இருக்கோணும். என்ற கண்ணு முன்னாலயே அழிச்சுப்போடுங்க.”

ஓவியர் மாசிலாமணி பச்சையில் எண்ணெயைத் தாராளமாக விட்டுக் குழைத்து, அவர்கள்மேல் மெல்லிசாகப் பூசினார். எண்ணெய் மிகுந்த பூச்சு வருடம் போகப்போகத் தெளிந்து, அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். குழந்தையின் முகத்தைக் கடைசியாக மூடினார்.

நஞ்சப்பன் அந்த இடத்தைத் தடவ விரலை நீட்டினார். மாசிலாமணி சட்டென்று தூரிகையைக் குறுக்கே நீட்டினார்.

“ஈரமுங்க.”

விரல் பின்வாங்கியது.

“எங்க மாட்டலாமுங்க?” என்று கேட்டார் நஞ்சப்பன்.

“பேரப்பிள்ளைங்க உக்காந்து சாப்பிடற எடத்துக்கு நேரா மாட்டுங்க.”