மேசை உயரம்

"தூக்குங்க தம்பி, வேடிக்கை பாக்காதீங்க" என்றாள் அண்ணி.

தூக்கினேன்.

ட்ரில்லிங் மெஷின் இரண்டு ஆண்பிள்ளைகள் தூக்க வேண்டிய கனம். மறுமுனையை அண்ணி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மேசையில் இறக்கினோம்.

மேசை நழுவியது.

"சக்கரத்தைப் பூட்டலையா?" என்று கத்தினேன்.

யார் மேலோ இருந்த கோபத்தில் மிதிப்பதுபோல் அண்ணி நான்கு பூட்டுகளையும் காலால் மிதித்தாள்.

காலையிலிருந்து, அண்ணனின் தச்சுப் பட்டறையான கார் ஷெட்டில் இதே வேலைதான். அண்ணன் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்த மெஷின்களைக் கழற்றி, சக்கரம் வைத்த மேசைகளில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த போல்ட்டுகளை அண்ணனோடு சேர்ந்து இறுக்கியவன் நான். பூகம்பமே வந்தாலும் இனி அசையாது என்று சிரித்தான் அன்றைக்கு.

அவன் இப்போது ஆஸ்பத்திரியில்.

யார் வீட்டு மாடியிலோ ஜன்னல் மாட்டும்போது சாரம் சரிந்து விழுந்துவிட்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சீக்கிரம் வந்துவிடுவார் என்று அண்ணிதான் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். பார்க்கப் போனால் "தூங்குறாரு" என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

இன்றைக்குக் கூப்பிட்டு, மெஷினைக் கழற்ற வா என்கிறாள்.

மெஷினுக்குச் சக்கரம் எதற்கு? தள்ளிக்கொண்டு போகத்தான். ஷெட்டிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து லாரிக்கு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவன் எழுந்து வருவதற்குள் எல்லாவற்றையும் கைமாற்றிவிட வேண்டும். அதற்குக் கூலியில்லாத ஆள் நான்.



மேசைகளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் ஏறியது. எல்லாம் குள்ளம். மரம் அறுக்கும் ரம்பத்தின் முன்னால் நின்றால், பலகை என் தொடைக்குத்தான் வந்தது. முன்பக்கம் குறுக்குச் சட்டமும் இல்லை. இதில் நாலு பலகை அறுத்தால் முதுகு ஒடிந்துவிடும்.

"எந்த மடையன் அண்ணி இதுக்கு அளவு கொடுத்தது? ஒண்ணுகூட உருப்படியா இல்ல."

"வந்த வேலையைப் பாருங்க."

"பாத்துட்டேதான் இருக்கேன். நேராவே கேக்குறேன், எல்லாத்தையும் வித்துடப் போறீங்களா?"

அண்ணி நிமிர்ந்தாள். கன்னத்தில் ஒன்று விழும் என்றே நினைத்தேன். விழவில்லை. விடுவிடுவென்று மூலைக்குப் போய், அங்கே எதையோ மூடியிருந்த பழைய போர்வையை உருவி எறிந்தாள்.

சக்கர நாற்காலி. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

அதில் உட்கார்ந்தாள். சுவரில் ஒரு இடி இடித்து, பழக்கமில்லாத கைகளால் சக்கரத்தைத் தள்ளித் திருப்பி, ரம்பத்தின் முன்னால் வந்து நின்றாள். முழங்கால்கள் எதிலும் இடிக்காமல் மேசைக்கு அடியில் போயின. பலகை அவள் முழங்கைக்கு நேராக இருந்தது.



"இனி நடக்க முடியாதுன்னு ஆபரேஷன் அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டார்" என்றாள், ரம்பத்தைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றதுன்னு நாள் கணக்கா தவிச்சேன். கோயில் குளம் ஒண்ணு விடாம வேண்டிக்கிட்டேன். ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கிட்டு உள்ள போறேன், நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, 'வெல்டருக்குப் போன் போடு, அளவு சொல்லணும்'ங்குறாரு. உக்காந்த இடத்துலேர்ந்தே மேசையை இழுத்துக்கணும்னு சக்கரமும் வைக்கச் சொன்னாரு. நீங்க சொன்ன மடையன் அவருதான்."

நாற்காலியை ட்ரில்லிங் மெஷினுக்குத் திருப்பினாள். கையை உயர்த்தினாள். பிடி எட்டியது. சாணை மெஷினுக்குப் போனாள். சுவிட்ச் எட்டியது. மறுபடி ரம்பத்துக்கே வந்தாள்.

"எங்கயாவது தப்பியிருக்கும்னு பாத்தேன். நாலு விரல், ரெண்டு விரல்... படுத்த படுக்கையில சொன்ன அளவு. எதுவும் தப்பல."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி கைமுட்டியால் பலகையில் ஓங்கிக் குத்தினாள்.

"ஒரு தடவை அழுதா, ஒரே ஒரு தடவை என் முன்னால அழுதா, குறைஞ்சா போயிடுவாரு இந்த மனுஷன்?"